எழுதணும், வரையணும், பாடணும், ஆனா கை வர மாட்டேங்குது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் நாங்க ஒரு சின்ன கூட்டம். வாரக் கடைசியில ஒருத்தர் வீட்டு ஹால்ல கூடுவோம், யாராச்சும் கதை எழுதுவாங்க, யாராச்சும் படம் வரைவாங்க, ரெண்டு தம்பிங்க ராப் எழுதுறாங்க, ஒரு அம்மா அவங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பாடுன தாலாட்டையும் ஒப்பாரியையும் ஞாபகத்துல இருந்து எழுதி எடுக்குறாங்க. எல்லாரும் வேலைக்கு போறவங்க இல்ல படிக்கிறவங்க. புதுசா வர்றவங்க கேக்குற கேள்விங்க கிட்டத்தட்ட ஒன்னாத்தான் இருக்கு, அதனால பதில இங்கயே எழுதி வச்சிடுறேன். நான் இந்த கூட்டத்த நடத்துறவ, மனநல நிபுணர் கிடையாது. இத பத்தி தேடித் தேடி படிச்சிருக்கேன், பாத்தது அதைவிட நெறைய.

தன்னைத்தானே ஏத்துக்கிறதுன்னா என்னக்கா? கண்ணாடி முன்னாடி நின்னு "நான் சூப்பரு"ன்னு சொல்லிக்கிறதா?

இல்ல தம்பி. "நான் சூப்பரு"ங்கிறது நமக்கு நாமே போட்டுக்கிற மார்க்கு. நல்ல மார்க்குதான், ஆனாலும் மார்க்கு. இன்னிக்கு 90 போட்டா நாளைக்கு ஒரு கவிதை சொதப்பினதும் அதே கை 30 போடும்.

ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இருந்தாரு, 1950கள்ல இருந்து சாகுற வரைக்கும் இத ஒன்ன அடிச்சு சொன்னாரு: செஞ்ச வேலைய மதிப்பிடுங்க, செஞ்ச ஆள மதிப்பிடாதீங்க. அதாவது "இந்த கதையோட முடிவு நல்லா வரல"ன்னு சொல்லலாம், தாராளமா சொல்லுங்க, ஆனா "அதனால நான் ஒன்னுக்கும் ஆகாதவன்"னு அடுத்த வரிக்கு தாவாதீங்க, ஏன்னா ஒரு மனுஷன ஒரே ஒரு நம்பருக்குள்ள அடக்குறதுக்கு வழியே கிடையாது. அத அவர் நிபந்தனை இல்லாம தன்னை ஏத்துக்கிறதுன்னு சொன்னாரு. ஜெயிச்சா ஏத்துக்கிறேன், நாலு பேரு மதிச்சா ஏத்துக்கிறேன்னு கண்டிஷன் போட்டா அது ஏத்துக்கிறதுல சேராது.

நம்மாளுங்களுக்கு இது கஷ்டம்தான். நாம வளர்ந்ததே "எத்தன ஏ எடுத்த?"ங்கிற கேள்வியிலதானே. ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் பரீட்சைய 2021-ல எடுத்துட்டாங்க, ஆனா தீபாவளிக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு போனா அந்த கேள்வி இன்னும் அங்கயே உக்காந்திருக்கு.

சரி, அதுக்கும் கதை எழுதுறதுக்கும் என்ன சம்பந்தம்? ஆராய்ச்சி ஏதாச்சும் இருக்கா, இல்ல சும்மா ஆறுதலுக்கு சொல்றீங்களா?

இருக்கு, நெறைய இருக்கு.

கார்ல் ரோஜர்ஸ்னு இன்னொரு அமெரிக்க உளவியலாளர் 1954-லயே ஒரு கட்டுரை எழுதினாரு, மனுஷனுக்கு படைப்பு எப்ப வருதுன்னு. அவர் சொன்ன முக்கியமான விஷயம், நல்லா இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற இடம் உள்ளுக்குள்ள இருக்கணும். ஊர் என்ன சொல்லும்னு பாக்குறதுக்கு முன்னாடி "இது நான் சொல்ல வந்தத சொல்லுதா?"ன்னு நம்மள நாமே கேக்க முடியணும். அப்படி கேக்குறதுக்கு மனசுல ஒரு பாதுகாப்பு வேணும், தப்பா வந்தாலும் நம்மள யாரும் தூக்கி எறிய மாட்டாங்க, முக்கியமா நாமே நம்மள தூக்கி எறிய மாட்டோம்ங்கிற பாதுகாப்பு.

அப்புறம் 1979-ல தெரேசா அமாபிலேன்னு ஒரு உளவியலாளர் ஒரு சோதனை செஞ்சாங்க. காலேஜ் பொண்ணுங்ககிட்ட கலர் பேப்பர ஒட்டி ஒரு படம் செய்ய சொன்னாங்க. சில பேருகிட்ட மட்டும் "இத ஓவியர்கள் பாத்து மதிப்பிடுவாங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. பொதுவா அவங்க படங்கள்லதான் கற்பனை குறைஞ்சிருந்துச்சு. 1985-ல இன்னொன்னு, இது எனக்கு ரொம்ப பிடிச்சது: 72 எழுத்தாளர்கள கூப்பிட்டு கவிதை எழுத சொன்னாங்க, நடுவுல ஒரு குழுவுக்கு "பேரு, பணம், பாராட்டு" மாதிரி வெளிக் காரணங்களோட ஒரு லிஸ்ட்ட குடுத்து வரிசைப்படுத்த சொன்னாங்க, அவ்வளவுதான், கொஞ்ச நேர வேலை, அதுக்கப்புறம் அவங்க எழுதுன கவிதை மத்தவங்களோடத விட மங்கிப் போச்சு. நாம என்ன பண்றோம்? நாள் பூரா அந்த லிஸ்ட்ட மனசுல ஓட்டிக்கிட்டே எழுத உக்கார்றோம்.

நேரா நம்ம விஷயத்துக்கு வர்றது 2010-ல டாரியா ஸபெலினாவும் மைக்கேல் ராபின்சனும் செஞ்ச ஆய்வு. 86 மாணவர்கள், எல்லாரும் முதல்ல தங்களுக்கு நடந்த ஒரு மோசமான அனுபவத்த நெனச்சுப் பாக்கணும். பாதி பேரு அத பத்தி, நண்பனுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி, தனக்குத்தானே பரிவோட எழுதினாங்க. மீதி பேரு மனசுல வந்தத எழுதினாங்க. அப்புறம் கற்பனைத் திறன் சோதனை. தன்னை எப்பவும் திட்டிக்கிற ஆளுங்க சாதாரணமா இதுல பின்தங்கினாங்க, ஆனா பரிவோட எழுதுன பக்கம் இருந்தவங்க மத்தவங்களுக்கு சமமா வந்துட்டாங்க. பாருங்க, அவங்ககிட்ட திறமை ஏற்கனவே இருந்துச்சு, திட்டு நின்னதும் வெளிய வந்துச்சு.

நம்ம ராப் தம்பிங்களுக்காக இன்னும் ஒன்னு: 2012-ல 12 ராப்பர்கள எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க வச்சு ஃப்ரீஸ்டைல் பண்ண சொன்னாங்க. மனப்பாடம் செஞ்சத ஒப்பிச்சதோட ஒப்பிட்டா, ஃப்ரீஸ்டைல் பண்றப்போ மூளையோட முன்பக்கத்துல தன்னைக் கண்காணிச்சு கட்டுப்படுத்துற பகுதி அடங்கியிருந்துச்சு. 2008-ல ஜாஸ் பியானோ வாசிக்கிற 6 பேரு மூளையிலயும் இதே மாதிரி பாத்திருக்காங்க. ரெண்டும் சின்ன ஆய்வுங்க, ரொம்ப இழுத்து பேச வேணாம், ஆனா மைக்க கையில வாங்குனவங்க யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. பரீட்சை எழுதுறவரும் நீங்க, தோளுக்கு மேல எட்டிப் பாக்குற வாத்தியாரும் நீங்கன்னா பேனா எப்படி ஓடும்?

தன்னை ஏத்துக்கிட்டா சோம்பேறி ஆயிட மாட்டோமா? "இது போதும்"னு நின்னுட மாட்டோமா?

எல்லாரும் பயப்படுறது இதுதான், முக்கியமா அடிச்சு வளர்க்கப்பட்டவங்க. அடி நின்னா ஓட்டம் நின்னுடும்னு நெனக்கிறாங்க.

நடக்குறது தலைகீழ். பிரைன்ஸ், சென்னு ரெண்டு பேரு 2012-ல செஞ்ச ஆய்வுல மாணவர்களுக்கு கஷ்டமான ஒரு சொல் பரீட்சை வச்சாங்க, அதுல திணறுனாங்க. ஒரு குழுகிட்ட "இது கஷ்டமான பரீட்சைதான், நெறைய பேருக்கு இப்படித்தான் ஆகும், ரொம்ப கடுமையா நடந்துக்காதீங்க"ங்கிற மாதிரி சொன்னாங்க. அடுத்த பரீட்சைக்கு அந்த குழுதான் அதிக நேரம் உக்காந்து படிச்சுச்சு. யோசிச்சா நியாயமாத்தான் இருக்கு. தோல்வி அவமானம்னா அந்த நோட்டு பக்கமே திரும்பிப் பாக்க மாட்டோம். ஒரு சிறுகதைய நாலு தடவ திருத்தணும்னா நாலு தடவையும் அதுல இருக்குற ஓட்டைய நேருக்கு நேரா பாக்கணும், தன்னை வெறுக்குறவனுக்கு அந்த தெம்பு எங்க இருந்து வரும்? எங்க கூட்டத்துல ரொம்ப திருத்தி எழுதுறது யாருன்னு பாத்தா, தன்னோட கொஞ்சம் சமாதானமா இருக்குறவங்கதான். திட்டிக்கிறவங்க ஒன்னு ஆரம்பிக்கவே மாட்டாங்க, இல்லன்னா முதல் டிராஃப்ட கிழிச்சு போட்டுட்டு மூணு மாசம் காணாம போயிடுவாங்க.

வலி இருந்தாதானே கலை வரும்? சந்தோஷமா ஆயிட்டா எழுத என்ன இருக்கு?

வலி வேற, தன்மேல வெறுப்பு வேற, ரெண்டையும் ஒன்னாக்காதீங்க. வலிய பத்தி எழுதணும்னா அத உத்துப் பாக்கணும், உத்துப் பாக்கணும்னா "இது எனக்கு நடந்துச்சு, எனக்கு வலிச்சுச்சு"ன்னு முதல்ல ஒத்துக்கணும். ஒத்துக்கவே முடியாதவங்க எழுதுற சோகம் எங்கயோ கேட்ட சோகமாத்தான் வரும், மழை, ஜன்னல், கண்ணீர்னு.

1986-ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒருத்தர், மாணவர்கள 4 நாள், தினம் 15 நிமிஷம், தங்க வாழ்க்கையில நடந்த பெரிய அடிய பத்தி எழுத சொன்னாரு. எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மனசு கனமாத்தான் இருந்துச்சு, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல, நடந்ததோட சேத்து மனசுல பட்டதையும் எழுதுனவங்க டாக்டர்கிட்ட போனது குறைஞ்சது. இத ஏன் சொல்றேன்னா, உக்காந்து எழுதுன அன்னிக்கே லேசாகலன்னு பயந்து விட்டுடாதீங்க. ஆனா ரொம்ப பெரிய அடின்னா, தனியா தோண்டாதீங்க, கூட ஆள் வச்சுக்கோங்க.

என் தமிழ் நம்ம ஊர் தமிழ்க்கா. மலாய் வரும், இங்கிலீஷ் வரும், வாக்கியக் கடைசியில "லா" வரும். இத வச்சு எழுதுனா சிரிக்க மாட்டாங்களா?

இந்த கேள்விய கேக்காத ஆளே இங்க இல்ல, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஒரு தங்கச்சி எங்க கூட்டத்துக்கு வந்த புதுசுல ஒரு காதல் கதை எழுதிட்டு வந்தா. ஹீரோ மெரினாவுல நடக்குறான், ஷேர் ஆட்டோ ஏறுறான், அம்மா ஃபில்டர் காப்பி போட்டுத் தர்றாங்க. அவ சென்னைக்கு போனதே இல்ல. ஏம்மா இப்படின்னு கேட்டா, "கதைன்னா அப்படிதானே இருக்கும்"ங்கிறா. அவ வீடு செராஸ்ல ஒரு பிபிஆர் பிளாட்டு, அரசாங்கத்தோட மலிவு விலை வீடு, லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கும், கீழ மாமாக் கடையில ராத்திரி பூரா டிவியில பந்து மேட்ச் ஓடும், அப்பா கிராப் டாக்சி ஓட்டுறாரு, அம்மா ஒரு ஃபேக்டரியில ஷிப்டு. இதுல கதையே இல்லன்னு நெனச்சிருக்கா. இல்ல, கதை இருக்குன்னு தெரியும், வெளிய சொல்ல வெக்கம், அதுதான் உண்மை. அப்புறம் ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேரான அன்னிக்கு பாட்டிய மேல் மாடிக்கு எப்படி கொண்டு போனாங்கன்னு எழுதுனா பாருங்க, படிச்சு முடிச்சப்போ ஹால்ல யாரும் பேசல. பாட்டி படியில உக்காந்து "நீங்க போங்கடா, நான் வர்றேன்"னு சொல்ற அந்த ஒரு வரி போதும்.

எங்க அனுபவத்துல, ஒருத்தர் எத ஒளிச்சு வைக்கிறாரோ அதுலதான் அவர் மட்டுமே எழுதக்கூடிய விஷயம் இருக்கு. சென்னைய பத்தி எழுத சென்னையில ஆயிரம் பேரு இருக்காங்க. பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற கூட்டத்துக்கு) விடியகாலையில சங்கு ஊதுறத, ஆயாக் கொட்டகையில பிள்ளைய விட்டுட்டு பால் வெட்டப் போனத, தோட்டத்த டெவலப்பருக்கு வித்ததும் லயத்த, அதாவது தோட்டத்து வரிசை வீட்ட, காலி பண்ணிட்டு டவுன்ல புறம்போக்குல குடிசை போட்டத, அங்க இருந்து பிளாட்டுக்கு மாறுனத யாரு எழுதுவா? உங்க தாத்தா பாட்டி வாழ்ந்தத நீங்கதான் எழுதணும்.

மொழி விஷயத்துக்கு வர்றேன். 1998-ல நம்ம ஊர் ராப் குழு போயட்டிக் அம்மோ தங்களோட முதல் ஆல்பத்த போட்டப்போ இங்கிலீஷ், தமிழ், மலாய், கன்டோனிஸ்னு நாலையும் எடுத்துக்கிட்டாங்க, ஏன்னா அவங்க வளர்ந்த கேஎல் (கோலாலம்பூர்) தெரு அப்படித்தான் பேசும். அதுல இருந்த யோகி பி, நட்சத்ராவோட சேர்ந்து 2006-ல முழுக்க தமிழ் ராப்புல ஆல்பம் கொண்டு வந்தப்போ தமிழ்நாட்டு பசங்களே திரும்பிப் பாத்தாங்க, கோலிவுட்டும் கூப்பிட்டுச்சு. அவங்க நம்ம ஊர் குரல விட்டுட்டு போய் அங்க சேரல, இதோடவே போனாங்க.

அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1924-ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும் வந்த நம்ம தமிழ் நேசன் பத்திரிகையில, 1950 வாக்குல சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்துனாங்க. எழுதுறவங்கள இங்கயே உருவாக்கணும்னு அப்பவே நெனச்சிருக்காங்க. ஏன், பாரதியாரே 1912-ல பாஞ்சாலி சபதம் போட்டப்போ முன்னுரையில எளிய சொல்லும் எளிய நடையும் வேணும்னுதானே கேட்டாரு.

எல்லா வரியிலயும் "லா" போடணும்னு சொல்லல, அதுவும் ஒரு வேஷம்தான். கதைய சொல்ற குரல் நல்ல தமிழ்ல போகட்டும், ஆளுங்க பேசுறப்போ அவங்க பேசுற மாதிரி பேசட்டும். மாமாக் கடையில தே தாரேக் கேக்குறவர "தேநீர் கொணர்க"ன்னு பேச வைக்காதீங்க, அவர் பாவம்.

நான் கறுப்பு, கொஞ்சம் குண்டு. டான்ஸ் ஆட ஆசை, வீடியோ எடுக்க கூச்சமா இருக்கு.

தங்கச்சி, இந்த கூச்சம் உங்ககூட பொறந்தது இல்ல, சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு வந்தது. "வெயில்ல விளையாடாத, கறுத்துடுவ"ன்னு சொல்லாத வீடு எத்தன இருக்கு சொல்லுங்க.

படம் வரையிறவங்ககிட்ட ஒரு பயிற்சி செய்வோம், நீங்களும் செஞ்சு பாக்கலாம். ஸ்கூல்ல நமக்கெல்லாம் மனுஷ உடம்புக்கு அடிக்க ஒரு வெளிர் ரோஸ் கலர் க்ரேயான் குடுத்தாங்க இல்லியா, நாமளும் நம்ம அம்மாவ வரைஞ்சு அந்த கலர அடிச்சோம். அமெரிக்காவுல க்ரேயோலா கம்பெனி அந்த கலருக்கு வச்சிருந்த பேர 1962-லயே மாத்திட்டாங்க, ஏன்னா எல்லா மனுஷங்களும் அந்த நெறம் இல்ல. எங்க பயிற்சியில அந்த க்ரேயான ஓரமா வச்சுட்டு, உங்க கைய பேப்பர் பக்கத்துல வச்சு அதே நெறத்த கலக்கணும். பர்ன்ட் அம்பர் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா கொஞ்சம், வெளிச்சம் படுற இடத்துக்கு மஞ்சள் ஓக்கர், நிழலுக்கு கருப்ப தொடாம அல்ட்ராமரின் நீலம். ஒரு மணி நேரம் தன் கையையே பாத்துட்டு உக்காந்தா, அதுல செப்பு இருக்கு, ஊதா இருக்கு, முட்டியில இன்னொரு நெறம் இருக்கு. கறுப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சு வச்சிருந்த உடம்ப முதல் தடவையா ஒழுங்கா பாக்குறாங்க. அப்படி பாத்துட்டு அழுதவங்க இருக்காங்க.

டான்ஸுக்கு: முதல்ல கேமரா வேணாம், கதவ சாத்திட்டு ஆடுங்க. அப்புறம் கைய மட்டும் எடுங்க, காலை மட்டும் எடுங்க. முழுசா எடுக்குற நாள் தானா வரும். ஃபில்டர் மட்டும் போடாதீங்க, போட்டா லைக் வாங்குறது ஃபில்டரு, உங்களுக்கு வராது. "இது உனக்கு இல்ல"ன்னு சொல்றவங்க இருக்கத்தான் செய்வாங்க. ரம்லி இப்ராஹிம பாருங்க, மலாய்க்காரர், படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பரதநாட்டியமும் ஒடிசியும் கத்துக்கிட்டு 1983-ல கேஎல்ல சூத்ரா நடன அமைப்ப ஆரம்பிச்சாரு, 2018-ல இந்தியா அவருக்கு பத்மஸ்ரீ குடுத்துச்சு. யாருக்கு எந்த கலைன்னு மத்தவங்க போட்ட கணக்குல அவர் அடங்கவே இல்ல.

வீட்டுல "இதெல்லாம் சோறு போடுமா"ன்னு கேக்குறாங்க.

சோறு போடாது, பெரும்பாலும். அத ஒத்துக்கிட்டா வீட்டுல பாதி சண்டை முடிஞ்சுடும்.

அப்பா அம்மா பயம் சும்மா வந்தது இல்ல. கையில காசு இல்லாம, நெலம் இல்லாம, படிப்பு ஒன்னுதான் ஏணின்னு நம்பி மேல வந்த தலைமுறை அது. அவங்க கேக்குறது "நீ பத்திரமா இருப்பியா?"ன்னு. அதுக்கு பதில் சொல்லுங்க: வேலைக்கு போறேன், இபிஎப் (ஓய்வுகால சேமிப்பு) கட்டுறேன், சனிக்கிழமை மட்டும் எனக்கு வேணும். நம்ம எழுத்தாளர்கள் நெறைய பேரு தமிழ்ப்பள்ளி வாத்தியாருங்க. ரெ. கார்த்திகேசு பினாங்குல சயின்ஸ் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்துக்கிட்டேதான் நாவலும் சிறுகதையும் எழுதினாரு. வேலை பாக்குறதால கலைஞன்ங்கிற தகுதி குறையாது, அந்த வேலை இடமும் நாளைக்கு உங்க கதையில வரும்.

கூட்டத்துல இன்னொருத்தர் நல்லா எழுதுறாரு, பொறாமையா இருக்கு.

இருக்கட்டும். பொறாமையா இருக்குன்னு நோட்டுல எழுதுங்க, அவர்கிட்ட எது உங்களுக்கு பிடிக்குதுன்னும் பக்கத்துலயே எழுதுங்க. நீங்க அடுத்து கத்துக்க வேண்டியது அதுவாத்தான் இருக்கும்.

டிக்டாக்ல பாட்டு போட்டேன், கேவலமா கமெண்ட் வந்துச்சு. அதுல இருந்து வாயே திறக்க முடியல.

ரொம்ப வலிக்கும், தெரியும். முதல்ல அந்த கமெண்டுகள ரெண்டா பிரிங்க. "சரணத்துல சுருதி இறங்குது" மாதிரி இருக்குறது வேலைய பத்தினது, கசந்தாலும் எடுத்து வச்சுக்கலாம். "மூஞ்சிய பாரு" மாதிரி இருக்குறது ஆள பத்தினது, அதுல கத்துக்க எதுவும் கிடையாது, டிலீட் பண்ணி பிளாக் பண்ணுங்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேணாம். அப்புறம் கொஞ்ச காலம் பப்ளிக்ல போடாம பாடுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி உங்களுக்கே வச்சுக்கோங்க, நம்புற ஒருத்தருக்கு மட்டும் அனுப்புங்க. சின்ன செடிய மாட்டு முன்னாடி நடக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்வாங்க, அது இதுக்கும் பொருந்தும்.

தன்னை ஏத்துக்கிட்டா எல்லாத்தையும் வெளிய சொல்லணுமா? என் விஷயம் வீட்டுக்கு தெரிஞ்சா பிரச்சனை.

வேணாம். உங்ககிட்ட நீங்க பொய் சொல்லாம இருந்தா போதும், ஊருக்கு அறிக்கை விடணும்னு யாரும் கேக்கல. குடிக்கிற அப்பா, சாதி மாறுன காதல், மதம், தான் யாரை விரும்புறோம்ங்கிறது, இதெல்லாம் நம்ம சமூகத்துல வெளிய வந்தா வீடு போகலாம், வேலை போகலாம், சிலதுக்கு சட்டமே குறுக்க நிக்கும். உங்க பாதுகாப்புதான் முதல்ல.

கலையில ஒரு வசதி இருக்கு, உணர்ச்சிய வச்சுக்கிட்டு ஆள மாத்தலாம். அப்பாவ மாமா ஆக்கலாம், கிள்ளான்ங்கிற ஊர பட்டர்வொர்த் ஆக்கலாம், புனைபேர் போடலாம். எழுதி பூட்டியும் வைக்கலாம். அம்மா அப்பா அந்தரங்கம் அவங்களோடதும்தான், அத போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க.

எங்க இருந்து ஆரம்பிக்கிறது? கேஎல்ல, பினாங்குல இடம் ஏதாச்சும் இருக்கா?

நோட்டு ஒன்னு வாங்குங்க, அழகான நோட்டு வேணாம், அழகா இருந்தா அழுக்காக்க பயம் வரும். முதல் பக்கத்துல நீங்க மத்தவங்ககிட்ட மறைக்கிற சின்ன சின்ன விஷயங்கள எழுதுங்க. பெரிய ரகசியம் வேணாம். ஸ்கூலுக்கு எண்ணெய் வச்ச தலையோட போக வெக்கப்பட்டது, பிரெண்டுங்க முன்னாடி அம்மா தமிழ்ல கூப்பிட்டப்போ இங்கிலீஷ்ல பதில் சொன்னது, டிபன்ல கருவாடு இருந்தத மூடி சாப்பிட்டது. அதுல ஒன்ன எடுத்து 15 நிமிஷம் கை எடுக்காம எழுதுங்க, இல்ல வரையுங்க. எழுதி முடிச்சதும், அதே வயசுல இருக்குற தங்கச்சிக்கோ தம்பிக்கோ என்ன சொல்லுவீங்களோ அத உங்களுக்கு நீங்களே ரெண்டு வரி எழுதுங்க. மேல சொன்ன 2010 ஆய்வுல செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதான்.

இடம்னா, பிரிக்பீல்ட்ஸ்ல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கு, 1981-ல ஆரம்பிச்சது, பாட்டு, நடனம், வாத்தியம் எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்க, பினாங்குலயும் இருக்கு. செந்தூல்ல கேஎல்பேக் நாடக அரங்கம், பழைய ரயில்வே கட்டடத்துல 2005-ல தொறந்தது. நம்ம தாத்தாமாருங்க ரயில்வேயில வேல பாத்த ஏரியா அது, இன்னும் உள்ள நுழையாத செந்தூல்காரங்க இருக்காங்க, நுழையுங்க. பினாங்குல ஜாலான் குர்த்வாராவுல ஹின் பஸ் டிப்போ, பழைய பஸ் டிப்போவ கலைக்கூடமா ஆக்கியிருக்காங்க, ஞாயித்துக்கிழமை சந்தை நடக்கும், கையால செஞ்சத விக்குறவங்கள பாத்து பேசலாம். ஜார்ஜ்டவுன்ல இலக்கிய விழாவும் நடக்குது. லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ஸ்கெட்ச் புக்கோட பூக்கடை எதிர்ல உக்காந்தா போதும், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் கோபுரமே ஒரு வருஷத்துக்கு வேலை குடுக்கும். காசே இல்லன்னா நூலகம். அதுவும் தூரம்னா உங்க பிளாட்டு படிக்கட்டு.

எனக்கு 58 வயசு, இனிமேயா?

ஆமாம்மா, இனிமேதான். ஒப்பாரி எழுதி எடுக்குறவங்களுக்கு உங்களவிட வயசு கூட. அவங்ககிட்ட இருக்குற பாட்டு வேற எங்கயும் இல்ல, அவங்களோட போயிடும். உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாருங்க, சமையல் குறிப்பா இருந்தாலும் சரி.

மாசக்கணக்கா மனசே சரியில்ல, எழுதவும் பிடிக்கல, எதுவும் பிடிக்கல.

இதுக்கு பேனா போதாது. தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, பிடிச்சதெல்லாம் பிடிக்காம போச்சுன்னா அது உடம்புக்கு வர்ற காய்ச்சல் மாதிரி மருத்துவர் பாக்க வேண்டியது, உங்க குணத்தோட குறை கிடையாது. பக்கத்துல இருக்குற கிளினிக் கெசிஹத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) போங்க, மலேசியர்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்)தான், அங்க இருந்து மேல அனுப்புவாங்க. பேசணும்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929, ராத்திரி எந்த நேரமும் எடுப்பாங்க. செத்துடலாம்னு தோணுனா இத படிச்சுட்டு இருக்காதீங்க, இப்பவே போன் பண்ணுங்க, இல்ல பக்கத்துல இருக்குறவங்கள எழுப்புங்க. எழுத்து காத்திருக்கும்.

எழுதி முடிச்சுட்டேன். யாருகிட்ட முதல்ல காட்டுறது?

உங்கள ரொம்ப நேசிக்கிறவங்ககிட்டயும் வேணாம், ரொம்ப படிச்சவர்கிட்டயும் வேணாம். அம்மா "நல்லா இருக்கு ராசா"ம்பாங்க, படிச்சவர் சந்திப் பிழைய சுத்தி வட்டம் போடுவாரு, ரெண்டும் இப்ப உதவாது. உங்கள மாதிரியே எதையாச்சும் செஞ்சுக்கிட்டு இருக்குற ஒருத்தர பாருங்க, பக்கத்து வீட்டு கேக் செய்யிற அக்காவா இருந்தாலும் பரவால்ல. "நல்லா இருக்கா?"ன்னு கேக்காதீங்க, அது மறுபடி மார்க்கு கேக்குற மாதிரி ஆயிடும். "எந்த இடத்துல உங்களுக்கு அலுத்துச்சு, எந்த இடத்துல திரும்பிப் போய் படிச்சீங்க?"ன்னு கேளுங்க. அவங்க சொல்றப்போ நடுவுல புகுந்து விளக்கம் குடுக்காம எழுதிக்கோங்க. வீட்டுக்கு வந்து, அவங்க திரும்பிப் படிச்ச இடத்துல இருந்து அடுத்தத ஆரம்பிங்க.